மாலை மாற்றினால் கல்யாணமா, ஏழடி நடந்தால் கல்யாணமா? யார் சொல்வது கணக்கு?

வைகைக்கரை | திங்கள் இரவு 9:12

என் தம்பிக்குப் போன மாதம் கல்யாணம். பெண் வேறு சாதி. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வரவில்லை. நண்பர் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பேர் முன்னிலையில் இருவரும் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். ஐயர் இல்லை, தாலி இல்லை, பிரியாணி இருந்தது. பதிவு செய்யப் போனால் கவுண்டரில் இருந்தவர், "கோயில் ரசீது இருக்கா? மண்டப ரசீது? தாலி கட்டுற போட்டோவாவது?" என்று கேட்டார். எதுவும் இல்லை என்றதும் "அப்ப இது கல்யாணமே இல்லைம்மா" என்று ஃபைலைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நான் வக்கீல் இல்லை, கணக்கு டீச்சர். 3-ஆம் பிரிவில் வழக்கம் என்றால் என்ன, சபிண்டர் என்றால் யார், முழு ரத்த உறவு எது, அரை ரத்த உறவு எது என்று வரிசையாக விளக்கம் இருக்கிறது. 'திருமணம்' என்பதற்கு மட்டும் இல்லை! வரையறை எழுதாமல் தேற்றத்தை நிரூபித்தால் நான் முட்டை போடுவேன்.

சட்டமே சொல்லாதபோது இது கல்யாணம், இது இல்லை என்று யார்தான் முடிவு செய்கிறார்கள்?

மூன்றாமாண்டு | திங்கள் இரவு 9:40

அக்கா, கவுண்டர்காரர் சொன்னது தப்பு. தமிழ்நாட்டுக்கு 7-ஏ என்று தனிப் பிரிவே இருக்கு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ரெண்டு பேருக்கும் புரியிற மொழியில கணவனா மனைவியா ஏத்துக்கிறேன்னு சொல்லணும். இல்லேன்னா மாலை மாத்திக்கணும், இல்லேன்னா விரல்ல மோதிரம் போடணும், இல்லேன்னா தாலி கட்டணும். இதுல ஏதாவது ஒண்ணு போதும். புரோகிதர் தேவையில்லை. போன செமஸ்டர்ல இதான் பத்து மார்க் கேள்வி.

வைகைக்கரை | திங்கள் இரவு 9:46

ஏதாவது ஒண்ணு போதும்னா தம்பி ரெண்டு பண்ணியிருக்கான். அப்புறம் ஏன் விரட்டினாங்க?

முன்சீப்_கோர்ட்_வாசல் | திங்கள் இரவு 11:20

மூன்றாமாண்டு சொன்ன பிரிவு சரி. ஆனால் டீச்சரின் கேள்வி அதைவிடப் பெரியது. இருபத்திரண்டு வருடமாகக் குடும்ப வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இரு தரப்பில் யாராவது ஒருவருடைய வழக்கமான சடங்குப்படி திருமணம் 'சாலமனைஸ்' செய்யப்படலாம் என்கிறது. அந்தச் சடங்கில் சப்தபதி, அதாவது அக்னி முன் மணமக்கள் சேர்ந்து ஏழடி வைப்பது, உண்டென்றால் ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமையாகிறது. அவ்வளவுதான். 'சாலமனைஸ்' என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் கிடையாது. கோர்ட்டில் நாங்கள் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்வதே இல்லை, சொன்னால் ஆளுக்கொரு பொருள் வரும்.

அதற்குப் பொருள் கொடுத்தது உச்ச நீதிமன்றம், 1965-ல். மகாராஷ்டிரத்திலிருந்து போன வழக்கு. முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது கல்யாணம் செய்ததாக ஒருவர்மீது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494-ஆம் பிரிவில் குற்றச்சாட்டு, அதாவது இருதாரக் குற்றம். அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நடந்தது உண்மைதான், ஆனால் முறையான சடங்குகளோடு நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, கல்யாணம் இல்லாதபோது இருதாரக் குற்றம் எங்கிருந்து வரும்? நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாலமனைஸ் என்றால் உரிய சடங்குகளோடு, உரிய வடிவில் நடத்துவது என்று பொருள் சொன்னது. ஆள் விடுதலை.

அன்றைக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியது ஊரில் ஒவ்வொரு முதல் மனைவியும் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய சங்கதி. அதற்குப் பிறகு குறுக்கு விசாரணை எப்படிப் போகும் என்றால்: "ஹோமம் வளர்த்தார்களா? அம்மி மிதித்தாரா? எத்தனை அடி நடந்தார்கள்? நீங்கள் எண்ணினீர்களா?" சாட்சி சொல்லும் சித்தப்பா பந்தியில் உட்கார்ந்திருப்பார். அவர் எங்கே அடியை எண்ணுவது?

இன்னும் கேளுங்கள். 1971-ல் வந்த தீர்ப்பில், "ஆமாம், நான் இரண்டாவது கல்யாணம் செய்தேன்" என்று குற்றம் சாட்டப்பட்டவரே ஒத்துக்கொண்டாலும் அது போதாது, சடங்கு நடந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

கேள்விக்குறி | செவ்வாய் காலை 7:05

அதாவது கல்யாணத்தை அரைகுறையாகப் பண்ணினால் ஜெயில் இல்லை. நல்ல சட்டம்.

கோபி_பெரியவர் | செவ்வாய் காலை 8:30

தங்கச்சி, உங்க தம்பி கதையைப் படிச்சுப்போட்டு எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சுங்க. எனக்கு 1964-ல கல்யாணம். கோபிக்குப் பக்கத்துல, தோட்டத்துச் சாளையில பந்தல். மைக் செட்டு கட்டி ரெண்டு மணி நேரம் பேச்சு, அஞ்சு நிமிசம் கல்யாணம். 1928-ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல பெரியார் ஆரம்பிச்சு வெச்ச முறை, எங்க பக்கம் அப்ப ரொம்பப் பேர் பண்ணிக்கிட்டோமுங்க. எங்களுக்கு அது கல்யாணந்தான். ஊருக்கும் அது கல்யாணந்தான். கோர்ட்டுக்கு மட்டும் இல்லைன்னு பொறவுதான் தெரிஞ்சுது.

அப்ப ஒரு வக்கீல் மாப்பிள்ளை வந்து, "மாமா, உங்க கல்யாணம் செல்லாதுன்னு ஐகோர்ட் தீர்ப்பு இருக்கு"ன்னார். பெரிய பையன் பொறந்திருந்தான். என் சம்சாரம் அடுப்படியில இருந்து கேட்டா: "அப்ப இவனை யாரு பெத்தது?"

அந்தத் தீர்ப்பு என்னன்னு வக்கீல் ஐயா சொல்லுங்க. எனக்கு விவரம் பத்தாது.

முன்சீப்_கோர்ட்_வாசல் | செவ்வாய் மதியம் 1:15

ஐயா, உங்கள் மாப்பிள்ளை சொன்னது தெய்வானை ஆச்சி வழக்காகத்தான் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றம், 1953. புரோகிதர் இல்லாமல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றார்கள். முடிவைவிட அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். சாஸ்திரச் சடங்கு இல்லையென்றால் வழக்கமாவது இருக்க வேண்டும். வழக்கம் என்றால் தொன்றுதொட்டு வருவது. இருபது, இருபத்தைந்து வயதுள்ள ஒரு இயக்கத்தின் பழக்கம் எப்படி வழக்கமாகும்? ஒரு கூட்டம் தன் விருப்பப்படி புதிய மணமுறையை உண்டாக்கிக்கொள்ள முடியாது. இதுதான் சாரம்.

'வழக்கம்' என்ற சொல்லுக்குள் 'பழசு' என்பது உட்கார்ந்திருக்கிறது. பழசை வேண்டாம் என்று சொல்லவே ஒரு கல்யாணம் நடத்துகிறார்கள், அது பழசா என்று கோர்ட் கேட்கிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்? ஒன்று சொல்கிறேன், அந்த நீதிபதிகளைத் திட்டிப் பயனில்லை. கையில் இருந்த சொற்களை அன்றைய வழக்கப்படி வாசித்தார்கள்.

அந்த வாசிப்பை நிறுத்தச் சட்டமன்றம் வர வேண்டியிருந்தது. அண்ணா முதல்வரான 1967-ல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. திருமணம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதுதான் 7-ஏ. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவே 14 வருடம்.

பெரியவரே, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த தேதியிலிருந்தே செல்லும் என்று அதே பிரிவில் இருக்கிறது. நடுவே விவாகரத்தாகி இருந்தாலோ, அந்தப் பெண் சட்டப்படி வேறு கல்யாணம் செய்திருந்தாலோ விதிவிலக்கு. உங்களுடையது 1964-லிருந்தே பழுதில்லாத கல்யாணம்.

கோபி_பெரியவர் | செவ்வாய் மதியம் 1:50

அவ போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆச்சுங்க. இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன். நல்லா இருங்க.

கேள்விக்குறி | செவ்வாய் மாலை 6:22

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன். இதில் நீதிமன்றத்துக்கு என்ன பெருமை? தப்பாகப் பொருள் சொன்னது நீதிமன்றம், சரி செய்தது சட்டமன்றம். ஓட்டு வாங்கி வந்தவன் எழுதிய சொல்லுக்கு, ஓட்டே வாங்காத நான்கு பேர் உட்கார்ந்து புதுப்பொருள் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? சொல் தெளிவாக இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், எழுதியவனே விளக்கட்டும்.

மூன்றாமாண்டு | செவ்வாய் மாலை 6:40

அரசமைப்புச் சட்டம் 141-வது உறுப்பு. உச்ச நீதிமன்றம் அறிவிக்கிற சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும். இது நீதிபதிகளா எடுத்துக்கிட்ட அதிகாரம் இல்லை, எழுதிக் கொடுத்தது.

கேள்விக்குறி | செவ்வாய் மாலை 6:43

கட்டுப்படுத்தும் என்பதை நான் மறுக்கவில்லை தம்பி. நியாயமா என்று கேட்டேன். பத்து மார்க் பதில் வேண்டாம்.

நெல்லைச்சீமை | செவ்வாய் இரவு 8:10

திருப்பி அனுப்பச் சொல்றீங்களே, எதிர்ல நிக்கிற பொம்பளையை என்ன செய்வீங்க? நான் பெண்கள் உதவி மையத்துல வேலை பார்த்தவ. அவளுக்கு இந்த மாசம் அரிசி வாங்கணும். நாடாளுமன்றம் கூடி விளக்கம் சொல்ற வரைக்கும் வாய்தா போடுவீங்களா?

'மனைவி'ங்கிற சொல்லையே எடுத்துக்கிடுங்க. ஜீவனாம்சம் கேட்கிற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125-ஆம் பிரிவு (இப்ப புதுச் சட்டத்துல 144) மனைவிக்குத்தான். 1988-ல உச்ச நீதிமன்றம், மனைவின்னா சட்டப்படியான மனைவி மட்டுந்தான்னு சொல்லிட்டு. புருசனுக்கு ஏற்கெனவே பொண்டாட்டி உண்டுன்னு தெரியாமக் கழுத்தை நீட்டினவளுக்குச் சல்லிக்காசு கிடையாது. ஏமாத்தினவன் தன்னோட ஏமாத்தையே கேடயமாப் பிடிச்சிக்கிடலாம். இருபத்தஞ்சு வருசம் கழிச்சு, 2013-ல இன்னொரு அமர்வு, முதல் கல்யாணத்தை மறைச்சு ஏமாத்தினவன் அந்தச் சாக்கைச் சொல்லக் கூடாது, ஜீவனாம்சத்துக்கு மட்டுமாவது அவ மனைவிதான்னு சொன்னது. சட்டத்துல சொல் அதேதான். நடுவுல எத்தனை பேர் வெறுங்கையோட திரும்பிப் போயிருப்பாக?

முன்சீப்_கோர்ட்_வாசல் | செவ்வாய் இரவு 10:05

நெல்லைச்சீமை அம்மா சொன்னதில் 'ஜீவனாம்சத்துக்கு மட்டுமாவது' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'மனைவி' என்பது ஒரு சொல் இல்லை, நான்கைந்து சொற்கள். ஜீவனாம்சம் கேட்டு வருபவளுக்கு அது கொஞ்சம் நீளும். சொத்துக்கு நீளாது. இருதாரக் குற்றத்தில் ஆளை ஜெயிலுக்கு அனுப்பக் கேட்டால் இன்னும் சுருங்கும், ஏனென்றால் தண்டனைச் சட்டத்தை இறுக்கமாகத்தான் வாசிக்க வேண்டும் என்பது பழைய விதி. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்பதைப் பார்த்துத்தான் சொல்லின் அளவை எடுக்கிறார்கள். டெய்லர் கடை மாதிரிதான்.

இன்னொன்றும் உண்டு. கோர்ட் தானாக உட்கார்ந்து "இன்று திருமணம் என்றால் என்ன என்று பார்ப்போம்" என்று ஆராய்ச்சி செய்வதில்லை. யாரோ ஒருவர் வம்புக்கு வந்தால்தான். அதனால் எந்த வம்பு முதலில் மேலே போகிறதோ அதற்கேற்ற பொருள்தான் முதலில் கிடைக்கும். 1965-ல் போனது ஒரு இருதார வழக்கு, தப்பிக்கப் பார்த்த ஒருவருடைய வாதம். அதில் கொடுத்த பொருளை அப்புறம் ஒழுங்காகக் கல்யாணம் செய்தவர்கள் எல்லோரும் சுமக்க வேண்டியதாயிற்று.

வைகைக்கரை | செவ்வாய் இரவு 10:20

அப்படியென்றால் 7-ஏ வந்த பிறகு தமிழ்நாட்டில் அந்த ஏழடி வாதம் செத்துப்போயிருக்க வேண்டுமே?

முன்சீப்_கோர்ட்_வாசல் | செவ்வாய் இரவு 11:48

அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. நாகலிங்கம் எதிர் சிவகாமி, உச்ச நீதிமன்றம், 2001. என் ஜூனியர்களுக்கு முதலில் படிக்கக் கொடுக்கும் தீர்ப்பு இதுதான்.

1984-ல் திருத்தணியில் கணவர் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று மனைவி புகார் கொடுத்தார். தாலி கட்டியதற்குச் சாட்சி உண்டு. ஆனால் சப்தபதி நிரூபிக்கப்படவில்லை என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விடுதலை. பழைய 1965 பொருள் அங்கே வந்து வேலை செய்கிறது பாருங்கள். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 7-ஏ பிரிவை எடுத்தது. இரு தரப்பும் தமிழ்நாட்டு இந்துக்கள், அந்தப் பிரிவுப்படி தாலி கட்டினாலே திருமணம் முழுமை, சப்தபதி தேவையில்லை. ஆகவே இரண்டாவது கல்யாணம் கல்யாணம்தான், ஆகவே குற்றம் குற்றம்தான்.

7-ஏ எதற்கு வந்தது? ஐயர் வேண்டாம் என்ற ஜோடிகளுக்கு அங்கீகாரம் கொடுக்க. 33 வருடம் கழித்து அது யாருக்குக் கைகொடுத்தது? ஏமாற்றப்பட்ட ஒரு முதல் மனைவிக்கு. எழுதியவர்கள் இதை நினைத்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். கேள்விக்குறி சார், எழுதியவனையே கூப்பிட்டு விளக்கம் கேட்கலாம் என்கிறீர்கள். எழுதியவனுக்கே தெரியாதது இது.

கேள்விக்குறி | புதன் காலை 7:30

இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சாதகமான உதாரணமாகப் பார்த்துப் பொறுக்குகிறீர்கள். 2014 தீர்ப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? 7-ஏ 'வேறு யாராவது' என்கிறது. வக்கீல் 'வேறு யாராவது' இல்லையா?

மூன்றாமாண்டு | புதன் காலை 7:55

நானே அதைக் கேக்கணும்னு இருந்தேன். 2014-ல சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, வக்கீல் அறையில கதவைச் சாத்திக்கிட்டு ரகசியமா நடத்துற கல்யாணம் 7, 7-ஏ ரெண்டுலயும் வராதுன்னு சொன்னது. பிரிவுல 'பகிரங்கமா'ன்னு எங்கயும் இல்லையே?

முன்சீப்_கோர்ட்_வாசல் | புதன் இரவு 9:30

விட்டுவிடவில்லை, கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது.

அந்தக் காலத்தில் சில இடங்களில் நடந்தது அசிங்கம். பணம் வாங்கிக்கொண்டு, மேஜைமேல் இரண்டு மாலையைப் போட்டு, ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுப்பது. பெண் மனமுவந்து வந்தாளா என்று கேட்பாரில்லை. அதைப் பார்த்துக் கோபப்பட்ட நீதிபதிகள், 'சாலமனைஸ்' என்ற அதே பழைய சொல்லுக்குள் இன்னொரு பொருளை வைத்தார்கள்: நாலு பேர் அறிய நடக்க வேண்டும். நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மோசடியை ஒழிக்க வந்த பொருள், மோசடி செய்யாதவர்களையும் சேர்த்து அடித்தது. வீட்டுக்குத் தெரிந்தால் வெட்டிப்போடுவார்கள் என்று பயந்து ஓடிவரும் ஜோடியிடம் போய் "ஊரறியப் பண்ணு" என்றால் எப்படி?

2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இதுவே வந்தது. மனைவியை அவள் பெற்றோர் அடைத்து வைத்திருப்பதாகக் கணவர் ஆட்கொணர்வு மனு போட்டார். 2014 தீர்ப்பை வைத்து மனு தள்ளுபடி, கல்யாணம் நடத்திய வக்கீல்கள்மீது நடவடிக்கைக்கும் உத்தரவு. அவர் உச்ச நீதிமன்றம் போனார். இளவரசன் வழக்கு, 2023 ஆகஸ்ட் 28. 2014 தீர்ப்பு சரியான சட்டம் இல்லை, 7-ஏ பகிரங்க அறிவிப்பைக் கேட்கவில்லை, வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது உறுப்பின் கீழான உரிமை என்று சொல்லிவிட்டது. எங்களுக்கும் ஒரு குட்டு: வக்கீல் நண்பராக, உறவினராகச் சாட்சியாக நிற்கலாம், வக்கீல் என்ற தொழில் முறையில் கல்யாணம் நடத்தி வைக்கக் கூடாது.

ஆக 2014-லிருந்து 2023 வரை ஒன்பது வருடம் தமிழ்நாட்டில் அந்தப் பிரிவின் பொருள் வேறு. அந்த ஒன்பது வருடத்தில் தள்ளுபடியான மனுக்களை யாரும் தூசு தட்டப் போவதில்லை. கேள்விக்குறி சாருக்கு இந்த இடத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை.

டீச்சர், உங்கள் கவுண்டர்காரர் மனதில் இருப்பது 1953-ஆ, 1965-ஆ, 2014-ஆ என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பழைய_ரெக்கார்டு | புதன் இரவு 10:15

பதிவுத் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். மூன்றும் இல்லை. அவர் மனதில் இருப்பது அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. தீர்ப்பு டெல்லியில் வரும். அது எங்கள் மேஜைக்கு வருவதற்குச் சர்க்குலர் வர வேண்டும். சர்க்குலர் வந்தாலும் பீரோவில் போகும். நாளைக்கு வில்லங்கம் வந்தால் என் பென்ஷன்தானே போகும் என்ற பயத்தில் ஒரு ரசீது அதிகமாகவே கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன், மறைப்பானேன்.

இன்னொரு சிக்கல். 2009-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் கட்டாயப் பதிவு. அதனால் ஜனங்கள் பதிவுதான் கல்யாணம் என்று நினைக்கிறார்கள். சடங்கே நடக்காமல் சான்றிதழுக்கு மட்டும் வருகிறவர்களும் உண்டு.

மூன்றாமாண்டு | புதன் இரவு 10:31

அதுக்கும் தீர்ப்பு இருக்கு சார். 2024 ஏப்ரல், உச்ச நீதிமன்றம். ஒரு ஜோடி, ரெண்டு பேரும் விமான பைலட். சடங்கு எதுவும் இல்லாம ஒரு சான்றிதழ் வாங்கி உத்தரப் பிரதேசத்துல பதிவும் பண்ணிட்டாங்க. பின்னாடி பிரச்சினை வந்ததும், சடங்கு இல்லாத பதிவு வெறும் காகிதம், இவங்க கணவன் மனைவியே ஆகலைன்னு அறிவிச்சாங்க. ஆனா அந்தத் தீர்ப்புல இந்துக் கல்யாணம்னா சடங்கு, சப்தபதின்னு பக்கம் பக்கமா வருது. அதைப் படிச்சிட்டு யாராவது 7-ஏ கல்யாணத்தையும் தப்பாப் பார்ப்பாங்களோன்னு எனக்குப் பயம்.

முன்சீப்_கோர்ட்_வாசல் | வியாழன் காலை 6:50

சரியான பயம். தீர்ப்பில் எது முடிவுக்குத் தேவையான காரணம், எது போகிற போக்கில் சொன்னது என்று பிரிக்கத் தெரியாவிட்டால் இப்படித்தான் ஆகும். அங்கே எந்தச் சடங்குமே நடக்கவில்லை, அதுவும் 7-ஏ இல்லாத மாநிலம். மொட்டை மாடி மாலைக்கு அது பொருந்தாது. எதிர்த் தரப்பு வக்கீல் பொருத்திப் பார்ப்பார், அது வேறு கதை.

நெல்லைச்சீமை | வியாழன் காலை 9:10

மாலை, தாலி எல்லாம் பேசியாச்சு. மாலை போடுற ஆளு யாருன்னு ஒருத்தரும் பேசலையே? தூத்துக்குடில 2018-ல கோயில்ல ஒரு கல்யாணம். மணமகள் திருநங்கை. பதிவு பண்ண மறுத்துட்டாக. 2019 ஏப்ரல்ல மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், சட்டத்துல இருக்கிற 'மணமகள்'ங்கிற சொல்லு உறைஞ்சு கிடக்கிற சொல்லு இல்ல, திருநங்கையும் அதுக்குள்ள வருவாகன்னு தீர்ப்பு எழுதினாரு. பதிவு பண்ணச் சொன்னாரு. 1955-ல எழுதினவக மனசுல இது இருந்திருக்காது. எங்க மையத்துல அன்னைக்கு லட்டு வாங்கிக் கொடுத்தோம்.

கேள்விக்குறி | வியாழன் காலை 9:45

எனக்கும் அந்த முடிவு பிடிக்கும், வழிதான் இடிக்கிறது. 'மணமகள்' நீளும் என்றால், 2023 அக்டோபரில் ஒருபால் திருமண வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஏன் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீட்ட மறுத்தார்கள்? அது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்களே. ஒரு நாள் ரப்பர், ஒரு நாள் கல். எந்த நாள் எது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

முன்சீப்_கோர்ட்_வாசல் | வியாழன் மதியம் 2:10

என் புத்திக்கு எட்டிய வரை சொல்கிறேன், ஏற்பது உங்கள் இஷ்டம்.

தூத்துக்குடி வழக்கில் நீட்ட வேண்டியிருந்தது ஒரு சொல். நீட்டிய பிறகும் சட்டத்தின் மற்ற உறுப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மணமகன் 21, மணமகள் 18, கணவன், மனைவி எல்லாம் அப்படியே ஓடும். அதற்கு முன்னமே 2014-ல் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கு உண்டு என்று சொல்லியிருந்தது. அடித்தளம் தயாராக இருந்தது. 2023 வழக்கில் ஒரு சொல்லைத் தொட்டால் வயது, வாரிசுரிமை, விவாகரத்துக் காரணங்கள் என்று இருபது இடத்தில் இழுக்கும். ஓட்டை ஒன்றை அடைப்பதற்கும் வீட்டை இடித்துக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். அதே தீர்ப்பில், ஆண்–பெண் உறவில் இருக்கும் திருநங்கை, திருநம்பியருக்கு இப்போதைய சட்டப்படியே மணக்க உரிமை உண்டு என்று ஐவரும் ஒத்துக்கொண்டார்கள். மதுரையில் கொடுத்த பொருள் டெல்லியில் நின்றுவிட்டது.

இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று அளவுகோல் வைத்துக் காட்ட என்னால் முடியாது. 2023-லும் ஐவரும் ஒரே மாதிரி எழுதவில்லை, சேர்ந்து வாழும் உரிமை பற்றி 3க்கு 2 என்று பிரிந்தார்கள்.

கேள்விக்குறி | வியாழன் மதியம் 2:25

ஓட்டை எது, வீடு எது என்று சொல்வதும் அதே நீதிபதிதான். என் கேள்வி அப்படியே இருக்கிறது. இருந்தாலும் பதிலுக்கு நன்றி.

நிர்வாகி | வியாழன் மாலை 4:00

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

வைகைக்கரை | வெள்ளி இரவு 8:35

இன்று மறுபடி போனேன். 7-ஏ பிரிவையும் 2023 தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மை போட்டுக் கொண்டுபோனேன். அதே ஆள். தீர்ப்பைத் தொடவே இல்லை, ஆனால் 'உச்ச நீதிமன்றம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். உள்ளே இருந்த அம்மா பத்து நிமிடம் படித்துவிட்டு வெளியே வந்து, "மாலை மாத்தினதுக்குப் போட்டோ?" என்றார்.

அங்கேதான் விஷயம். மாலை மாற்றும்போது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம், யாரும் எடுக்கவில்லை. பிரியாணி போட்டோ நாற்பது இருக்கிறது.

நெல்லைச்சீமை அக்கா, மும்பையில் பெண் கிறித்தவராக இருந்தால் 7-ஏ வருமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், இங்கேயே கேட்டுவிடுங்கள், வக்கீல் சார் சொல்வார்.

முன்சீப்_கோர்ட்_வாசல் | வெள்ளி இரவு 9:20

வராது. 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும், அதுவும் மாநிலத் திருத்தம். மதம் வேறானால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்யலாம். அதில் முப்பது நாள் நோட்டீஸ் உண்டு. மாலையோடு முடியாது.

டீச்சர், போட்டோ இல்லாவிட்டால் குடி முழுகாது. பன்னிரண்டு பேரில் கூப்பிட்டால் வரக்கூடியவர்களைத் தயார் செய்யுங்கள், நேரில் பார்த்தவன் சொல்வதும் சாட்சியம்தான். இருந்தாலும் எல்லோருடைய போனையும் ஒருமுறை அலசுங்கள்.

வைகைக்கரை | சனி காலை 10:05

கிடைத்துவிட்டது! நண்பருடைய மகள், ஏழு வயது, தம் பிரியாணி அண்டாவைத் திறப்பதை வீடியோ எடுத்திருக்கிறாள். ஆவி விலகியதும் பின்னால் தம்பி குனிகிறான், அவள் எட்டி மாலை போடுகிறாள். நான்கு விநாடி. முகம் இரண்டும் தெளிவாகத் தெரிகிறது. "ஏற்றுக்கொள்கிறேன்" என்ற சத்தம்கூடக் கேட்கிறது, நடுவே அந்தப் பிள்ளை "லெக் பீஸ் எனக்கு" என்று கத்துகிறது.

கோபி_பெரியவர் | சனி காலை 10:30

மைக் செட்டைவிட நல்லா இருக்குதுங்க.

வைகைக்கரை | சனி மாலை 5:15

அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கும் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே வக்கீல் சார்?

முன்சீப்_கோர்ட்_வாசல் | சனி மாலை 5:40

சரிதான். ஆதார் அசலை மறக்க வேண்டாம்.